கடைசி 19 நொடி

1975 ஜூலை 1ஆம் தேதி காலையில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில், முகமது அலியும் ஜோ பக்னரும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதினார்கள். அமெரிக்காவில் அப்போது ஜூன் 30 இரவு. அங்கே தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்குத் தோதாக இருக்க வேண்டும் என்பதால் இங்கே வெயில் ஏறும் வேளையில் மேடை ஏறினார்கள். 15 சுற்றும் முழுதாக நடந்தது. கடைசி மணி அடித்தபோது பக்னர் காலூன்றி நின்றுகொண்டிருந்தார். நடுவர்கள் மூவரும் வெற்றியை அலிக்கே கொடுத்தார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச் 24ஆம் தேதி, ஒஹாயோ மாநிலத்தில் அதே அலியை எதிர்த்து சக் வெப்னர் என்ற 36 வயது மனிதர் நின்றார். மது விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டை போட்டவர் அவர். ஒன்பதாவது சுற்றில் அலி தரையில் விழுந்தார். காலை மிதித்துத்தான் தள்ளினார் என்று அலி பிறகு சொன்னார். எப்படியோ, உலகச் சாம்பியன் விழுந்ததை உலகம் பார்த்தது. பதினைந்தாவது சுற்றில், மணி அடிக்க 19 நொடி இருக்கும்போது, வெப்னரால் தொடர முடியாது என்று நடுவர் சண்டையை நிறுத்தினார்.

அந்தச் சண்டையைப் பார்த்த நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன் மூன்றரை நாளில் ஒரு திரைக்கதை எழுதினார். 1976இல், ராக்கி என்ற ஏழைக் குத்துச்சண்டைக்காரனின் கதையாக 'ராக்கி' வந்தது. பத்து லட்சம் டாலரை ஒட்டிய செலவில் 28 நாளில் எடுத்து முடித்த படம், சிறந்த படம், இயக்கம், படத்தொகுப்பு என மூன்று ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் ஜிம்முக்குப் போகும் இருபது வயதுப் பையன்களுக்கு இன்றும் அந்தப் படப் பாட்டின் டிரம்பெட் ஒலி தெரியும். படத்தை முழுதாகப் பார்க்காதவனுக்கும் தெரியும்.

இதில் என்னை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு. நம்ம ஊரில் 15 சுற்றும் நின்றவர் பக்னர். நிற்க முடியாமல் போனவர் வெப்னர். கதாநாயகன் ஆனவர் ஏன் வெப்னர்?

சண்டையின் பதிவைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பக்னர் நன்றாகத் தடுத்தார். கையுறை இரண்டையும் முகத்தோடு ஒட்டி வைத்து, தூரம் காத்து, ஆபத்தில் சிக்காமல் நாற்பத்தைந்து நிமிடத்தைக் கடத்தினார். அலியோடு அப்படிக் கடத்துவதே பெரிய திறமை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெயிக்கப் போனவர் போல அவர் சண்டையிடவில்லை என்று அப்போதே பலரும் குறை சொன்னார்கள். வெப்னரிடம் அந்தத் திறமையெல்லாம் கிடையாது. முகம் கிழிந்து ரத்தம் வழிய முன்னே போய்க்கொண்டே இருந்தார். ஸ்டாலோன் எழுதிய கதை, வெப்னருக்குக் கிடைக்காமல் போன அந்த 19 நொடியை ராக்கிக்குக் கொடுத்தது. முன்னே போய்க்கொண்டே இருப்பவன் கடைசி மணியையும் கேட்கட்டும் என்றது. அந்தப் பாத்திரம் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு வேர் அங்கேதான் என்பது என் கட்சி. மற்ற எல்லாமே, படிக்கட்டும் முட்டையும் பாட்டும், அந்த வேரிலிருந்து வந்தவை.

ராக்கி யார் என்பதைப் படம் தொடக்கத்திலேயே கணக்காகச் சொல்லிவிடுகிறது. ஒரு சின்ன மன்றத்தில் சண்டை போட்டு ஜெயிக்கிறான். லாக்கருக்கும் மூலையில் நின்றவனுக்கும் ஒரு தொகை, குளியலுக்கும் துண்டுக்கும் ஒரு தொகை, வரி ஒரு தொகை என்று கழித்துக்கொண்டு, கையில் 40 டாலர் சொச்சம் வைக்கிறார்கள். பிழைப்புக்கு வட்டிக்காரன் ஒருவனுக்கு வசூல் செய்கிறான். மலேசியத் தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆலோங்கின் ஆள் அவன். பணம் தராதவனின் கட்டைவிரலை உடைத்துவிட்டு வா என்று அனுப்புகிறார்கள், அவன் உடைக்காமல் திரும்பி வருகிறான். இந்த ஒரு காட்சிக்காகவே நம் பக்கத்துப் பையன்கள் அவனை நம்புகிறார்கள் என்று நினைக்கிறேன். உடல் வலு உள்ள ஏழைப் பையனுக்கு ஊர் முதலில் கொடுக்கும் வேலை எது என்று தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கெட்ட வேலையில் இருந்துகொண்டே கெட்டுப்போகாமல் இருப்பவனை அவர்கள் நேரிலும் பார்த்திருப்பார்கள்.

சாம்பியன் அப்போலோ கிரீட் அவனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் திறமை கிடையாது. குறித்த எதிராளிக்குக் கையில் அடிபட்டுவிட்டது, நாள் நெருங்கிவிட்டது, விளம்பரத்துக்கு எடுப்பான பட்டப்பெயர் வேண்டும். ஒப்புக்குச் சப்பாணியாக ஒருவன் கிடைத்தான். 1,50,000 டாலர் தருகிறார்கள்.

இந்த இடத்தில்தான் படம் மற்ற விளையாட்டுப் படங்களிலிருந்து விலகுகிறது. சண்டைக்கு முந்தைய இரவு ராக்கி காலி அரங்கத்துக்குப் போய்த் தன் படம் வரைந்த பெரிய பதாகையைப் பார்க்கிறான். கால்சட்டையின் நிறம் தப்பு. சொல்கிறான், ஏற்பாட்டாளர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்து காதலி ஏட்ரியனிடம், என்னால் அவனை ஜெயிக்க முடியாது என்கிறான். கிரீடோடு 15 சுற்றும் யாருமே நின்றதில்லை, கடைசி மணி அடிக்கும்போது நான் நின்றுகொண்டிருந்தால் எனக்கு அது போதும் என்கிறான்.

கதாசிரியனின் பார்வையில் இது எவ்வளவு துணிச்சல் என்று பாருங்கள். இலக்கையே இறக்கி வைத்துவிட்டான், அதுவும் பார்வையாளர் முன்னால், வாய்விட்டுச் சொல்லி. அதனால் இரண்டு நன்மை. ஒன்று, இறக்கிய இலக்கு நம்பும்படியாக இருக்கிறது. 40 டாலர் சண்டைக்காரன் உலகச் சாம்பியனை வீழ்த்தினால் கைதட்டுவோம், நம்ப மாட்டோம். இன்னொன்று, இலக்கு எண்ணக்கூடியதாக ஆகிறது. சுற்று ஒன்றுக்கு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு, இப்படிப் பதினைந்து. சுற்று எண் திரையில் ஏற ஏற நாமும் கூடவே எண்ணுகிறோம். பதினான்காவது சுற்றில் அவன் விழுந்து, எழாதே என்று மூலையில் இருந்து கத்துகிறார்கள், அவன் கயிற்றைப் பிடித்து எழுகிறான். அடித்துவிட்டோம் என்று கை தூக்கிய கிரீட் திரும்பிப் பார்த்துத் தோள் தொங்கிப்போகிறார். கிரீடாக நடித்த கார்ல் வெதர்ஸின் அந்த ஒரு பார்வை முழுப் படத்தையும் தாங்குகிறது.

பிறகு தீர்ப்பு. கூட்டம் மேடை ஏறிவிட்டது, இசை ஓங்கிவிட்டது, ராக்கி ஏட்ரியனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறான். அந்த இரைச்சலுக்குள் அறிவிப்பாளர் முடிவைப் படிக்கிறார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கிரீட் வெற்றி. முதல் தடவை பார்ப்பவர்களில் பலருக்கு ராக்கி தோற்றது காதிலேயே விழுவதில்லை. படத்தொகுப்பில் வேண்டுமென்றே செய்த வேலை அது. முடிவைத் தெளிவாகக் கேட்க வைத்திருந்தால் அரங்கில் இருந்தவர்கள் வருத்தத்தோடு எழுந்து போயிருப்பார்கள்.

சரி, படிக்கட்டுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நம் ஊரில் அதிகம் பேசுகிறார்கள், அதிகம் தப்பாகவும் செய்கிறார்கள்.

கதை நடக்கும் பிலடெல்பியா நகரின் கலை அருங்காட்சியகத்தின் முன்னால் 72 படிகள். ஸ்டெடிகேம் என்ற, உடலில் மாட்டிக்கொண்டு ஓடினாலும் குலுங்காத கேமராக் கருவியை உருவாக்கிய காரெட் பிரவுன், சோதனைக்காகத் தன் தோழியை அந்தப் படிகளில் ஏறி இறங்க வைத்துப் படம் பிடித்திருந்தார். இயக்குநர் ஜான் அவில்ட்சன் அதைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேடிப் போனார். ஆக உலகப் புகழ் பெற்ற அந்தக் காட்சி ஒரு கருவியின் சோதனையிலிருந்து பிறந்தது. அந்தக் கருவி இல்லாவிட்டால் தெருக்களில் ஓடுபவனோடு கேமராவும் ஓடியிருக்க முடியாது. தண்டவாளம் போட்டு எடுக்க அவர்களிடம் பணமும் இல்லை.

படத்தில் அந்தப் படிகள் இரண்டு முறை வருகின்றன. முதல் முறை விடியலுக்கு முன்பு, இருட்டில். ராக்கி பாதியிலேயே மூச்சு வாங்கி, விலாவைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி உச்சிக்கு வந்து சேர்கிறான். இசை எக்காளம் ஏதும் இல்லை. இரண்டாம் முறைதான் எல்லோருக்கும் தெரிந்த ஓட்டம், தூக்கிய கைகள். முதல் ஏற்றம் இல்லாவிட்டால் இரண்டாவது வெறும் உடற்பயிற்சிக் காட்சி. நம் கைப்பேசிக் காணொளிகளில் எல்லோரும் இரண்டாவதை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள்.

பத்துமலையில் 272 படிகள், பிலடெல்பியாவைவிட மிகச் சரியாக 200 அதிகம். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513. இரண்டிலும் விடியற்காலையில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுப்பவர்கள் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் ஓடாதீர்கள், நிற்காமல் நடந்து ஏறினால் போதும். பத்துமலைப் படிகள் செங்குத்து, பாதம் முழுதாகப் பதியாமல் முன்னங்காலில் ஏறினால் குதிநரம்பு இழுத்துக்கொள்ளும். தொல்லை வருவது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதனால்தான் அன்று ஒன்றும் தெரியாமல், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நடக்கவே முடியாமல் போகிறது. ஏறும்போது வேகம் கூட்டலாம், இறங்கும்போது நடந்தே இறங்குங்கள். மூன்று முறை ஏறி இறங்கி, மூச்சு பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரம் வாரத்துக்கு வாரம் குறைந்தால் முன்னேறுகிறீர்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம். கையில் பை, போத்தல், வாழைப்பழம் எதுவும் வேண்டாம், குரங்குகள் விடாது. இது கோயில் படி என்பதை மறக்கக் கூடாது. காவடியோடும் பால்குடத்தோடும் வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் முறை. தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் பயிற்சியை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராக்கி ஓடும்போது போட்டிருக்கும் சாம்பல் நிற ஸ்வெட்சூட் பற்றியும் ஒரு வார்த்தை. பிலடெல்பியாவில் அது குளிர்காலம், ராக்கியின் மூச்சு புகையாகப் போகிறது. கோலாலம்பூரில் விடியற்காலை ஐந்தரைக்கே 24 டிகிரி இருக்கும், ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும் என்பதால் இருட்டில் குளுமையாக இருப்பதாகத் தோன்றும், உடம்புக்கு அப்படித் தெரியாது. தடித்த துணிக்குள் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் சூடு இறங்காது. ஓடி முடித்ததும் தராசில் இரண்டு கிலோ குறைந்தால் அது முழுக்கத் தண்ணீர், கொழுப்பு அல்ல. தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் நிறுத்திவிட்டு நிழலுக்குப் போக வேண்டும். மெல்லிய சட்டையே நமக்குச் சரி.

முட்டை. ராக்கி ஐந்து பச்சை முட்டையைக் குவளையில் உடைத்து ஒரே மூச்சில் குடிக்கிறான். காட்சியில் அது ஏழைப் பயில்வானின் வைராக்கியம். உடம்புக்கு அது நஷ்டக் கணக்கு. ஐந்து முட்டையில் சுமார் 30 கிராம் புரதம் இருக்கிறது. பச்சையாகக் குடித்தால் அதில் பாதியளவுதான் உடலில் சேர்கிறது, வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேர்ந்துவிடும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதம் பயோட்டின் என்ற சத்தையும் கட்டிப்போட்டுவிடும். சால்மொனெல்லா என்ற குடல் கிருமி வந்தால் ஒரு வாரப் பயிற்சியே போய்விடும். நம் காப்பிக் கடையில் மிளகுத்தூளும் சோயாவும் போட்டுத் தரும் அரை வேக்காட்டு முட்டை இதைவிட எவ்வளவோ மேல். வெள்ளைக்கரு நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

இறைச்சிக் கிடங்கில் தொங்கும் மாட்டிறைச்சியை ராக்கி குத்துவது எங்கிருந்து வந்தது? பிலடெல்பியாவின் உண்மையான சாம்பியன் ஜோ ஃபிரேசர் இளவயதில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், அங்கே இறைச்சியைக் குத்திப் பழகியவர். அவரே படத்தில் ஒரு காட்சியில் தலைகாட்டுகிறார். அந்த ஊரின் நிஜ நாயகன் உயிரோடு இருக்கும்போது கற்பனை நாயகனுக்குச் சிலை வைத்தார்கள் என்ற மனக்குறை பலருக்கு உண்டு, அது நியாயமான குறையும்கூட. செய்முறைக்கு வந்தால், உறைந்த இறைச்சியை யாரும் குத்தக் கூடாது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே உள்ள எலும்பு முறிவதற்கு அது நேர்வழி. மணல் பைக்குக்கூடக் கைக்கட்டு வேண்டும். நாலரை மீட்டர் துணிக்கட்டு வாங்குங்கள். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக, மீதியை மறுபடி மணிக்கட்டில். பெரும்பாலோர் செய்யும் தவறு, விரல்களை ஒட்டி வைத்துக்கொண்டு இறுக்கிக் கட்டுவது. முஷ்டி மடக்கியதும் கை மரத்துப்போகும். விரல்களை நன்றாக விரித்து வைத்துத்தான் கட்ட வேண்டும். மணிக்கட்டில் தளர்ந்தால் அடுத்த ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்துக் குத்தும்போது, கை மடங்கும்.

குத்துச்சண்டை தெரிந்தவர்கள் இந்தப் படத்தின் சண்டையைக் குறை சொல்வது வழக்கம். முகத்தைக் காக்கும் கைத்தடுப்பான கார்டு என்பதே இல்லை, விழுகிற அடி எல்லாம் முகத்தில், இப்படி 15 சுற்று போனால் ஆள் பிழைக்க மாட்டான் என்பார்கள். உண்மைதான். பக்னர் மாதிரித் தடுத்தால் திரையில் ஒன்றும் தெரியாது என்பதால் படம் அந்த வழியில் போனது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள். வீங்கிய கண், கிழிந்த புருவம் என்று சுற்றுக்குச் சுற்று ஒப்பனை கூட வேண்டும். கூட்டிக்கொண்டே போவதைவிடக் கழற்றிக்கொண்டே வருவது எளிது என்று பதினைந்தாவது சுற்றை முதலில் எடுத்து, பின்னோக்கி முதல் சுற்றுக்கு வந்தார்கள். காயத்தின் வரிசை பிசகாமல் இருப்பதால்தான் அந்தச் சண்டையின் பொய்யை நாம் பொறுத்துக்கொள்கிறோம்.

தமிழ் மனதுக்கு மிக நெருங்கிய காட்சி வேறு. பத்து வருடமாக ராக்கியைத் திரும்பிப் பார்க்காத, அவனுடைய லாக்கரையே பிடுங்கி வேறு ஒருவனுக்குக் கொடுத்த கிழட்டுப் பயிற்சியாளர் மிக்கி, வாய்ப்பு வந்ததும் அவன் வீடு தேடி வருகிறார். தன் பழைய கதையைச் சொல்லி, உன்னைப் பழக்குகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். ராக்கி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். அவர் படியிறங்கிப் போன பிறகு, இத்தனை வருடம் எங்கே போனீர் என்று சுவரைப் பார்த்துக் கத்தித் தீர்க்கிறான். பிறகு தெருவுக்கு ஓடுகிறான். கேமரா தூரத்திலேயே நிற்கிறது. என்ன பேசினார்கள் என்று நமக்குக் கேட்காது. தோளில் கை போடுவதும் கை குலுக்குவதும் மட்டும் தெரிகிறது.

வாத்தியாரிடம் கோபம் இருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தான் என்பது நமக்குள் ஊறிய விஷயம். சிலம்பம் பழகியவர்களுக்கு இந்தக் காட்சியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' இந்த நரம்பைத்தான் தொட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலனுக்கு ரங்கன் வாத்தியாரின் ஒரு பார்வை பட்டத்தைவிடப் பெரிது. ஆனால் பா. ரஞ்சித் எடுத்த பாதை வேறு. ராக்கி தனி ஆள், அவன் மானம் அவனுக்கு மட்டும்தான். கபிலன் தோற்றால் ஒரு பரம்பரையே தலைகுனியும், மேடையில் அவனை அவமானப்படுத்துபவர்கள் அவன் பிறப்பையும் சேர்த்தே அவமானப்படுத்துகிறார்கள். அதனால் அவன் நின்றால் மட்டும் போதாது, ஜெயித்தே ஆக வேண்டியிருக்கிறது. 2004இல் வந்த 'எம். குமரன்' படத்தில் சென்னைப் பையன் மலேசியாவுக்கே வந்து அப்பாவைத் தேடி, கிக்பாக்சிங் மேடையில் ஜெயிக்கிறான். நம் ஊர்த் தெருக்களைத் திரையில் பார்த்த சந்தோஷம் நமக்கு. என்றாலும் தோற்றுப்போய் நெஞ்சில் நிற்கும் நாயகனைத் தமிழ்ப் படம் இன்னும் முழுத் துணிச்சலோடு எடுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. எடுக்க வேண்டும் என்ற ஆசை நிறைய இருக்கிறது.

இன்று எடுப்பவருக்கு ஒரு சிக்கலும் உண்டு. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் துக் கூ பதினான்காவது சுற்றில் வீழ்ந்து, சில நாளில் இறந்தார். உலகக் குத்துச்சண்டை மன்றம் உடனே பட்டச் சண்டைகளை 12 சுற்றாகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டுக்குள் பின்தொடர்ந்தன. 2018 ஜூலையில் மேனி பக்கியாவ் புக்கிட் ஜாலிலில் லூக்காஸ் மத்திசேயோடு மோதியபோது விதித்தது 12 சுற்றுதான், அது ஏழிலேயே முடிந்தது. பதினைந்து என்ற எண் இனி கிடையாது.

ஸ்டாலோன் அந்த எண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இரண்டாம் பாகத்தில் ராக்கியை ஜெயிக்க வைத்தார், மூன்றிலும் நான்கிலும்கூட. 2006இல் வந்த படத்தில் வயதான ராக்கி 10 சுற்றுக் கண்காட்சிச் சண்டையில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்கிறான், தீர்ப்பைப் படிக்கும்போது காத்திருக்காமல் மேடையிலிருந்து இறங்கிப் போய்விடுகிறான். 2015இல் 'கிரீட்' படத்தில் அப்போலோவின் மகன் 12 சுற்றும் நிற்கிறான், மூலையில் ராக்கி வாத்தியாராக நிற்கிறான். அங்கேயும் தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று, தோல்விதான்.